நம் தெரு எந்த வட்டம்?

மயிலை மாடவீதியிலோ தியாகராய நகர்க் கடைத்தெருவிலோ சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே நடந்தால், கட்சிக்காரர் பெயருக்குக் கீழே ‘இத்தனையாவது வட்டம்’ என்று ஓர் எண்ணைக் காண்கிறோம். நம் தெரு எந்த வட்டம் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அந்த எண் எப்படி வருகிறது, ஏன் மாறுகிறது என்று சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவில் பல ஊர்களில் பள்ளிகளை நடத்தும் குழுவுக்கென்றே தனித் தேர்தல் உண்டு. குடிமதிப்பு முடிந்ததும் அதன் எல்லைகளைத் திருத்துவார்கள். நம் நகரில் அப்படியில்லை. மாநகராட்சிப் பள்ளிகள், தெருவிளக்கு, குப்பை, மழைநீர்க் கால்வாய் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பே. 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியொன்றில் மதிய உணவைத் தொடங்கி வைத்தவர், அப்போது நகராண்மைக் கழகத் தலைவராயிருந்த சர் பிட்டி தியாகராயர். தியாகராய நகர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எனவே மன்றத்தில் நமக்காகப் பேச எத்தனை பேர் என்பது சிறு விஷயமன்று.

முன்பு சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர், வட்டங்கள் 155. 2011-ல் சுற்றிலுமிருந்த 42 நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து பரப்பு 426 ஆயிற்று. மொத்த வட்டங்கள் 200. கூடியது என்றுதானே நினைப்போம்? பழைய நகருக்குக் கிடைத்தவை 107 மட்டுமே! மீதி 93-ம் புதிய பகுதிகளுக்கு.

இனிக் கணக்குப் போடுவோம். 2011 குடிமதிப்பின்படி பழைய நகரில் 46,46,732 பேர். 107-ஆல் வகுத்தால் வட்டத்திற்குச் சுமார் 43,400 பேர். புதிய பகுதிகளில் ஏறக்குறைய 20 லட்சம் பேர். வட்டத்திற்குச் சுமார் 22,000 பேர்தான். அதாவது மயிலாப்பூர்வாசியின் வாக்குக்குப் புறநகர்வாசியின் வாக்கில் பாதி எடையே. இது அநீதி என்று முதலில் எங்களுக்குத் தோன்றியது. ஆனால் பரப்பையும் பார்க்க வேண்டும். பழைய நகரில் ஒரு வட்டம் சராசரி 1.6 சதுர கிலோமீட்டர், வெளியே 2.7. சாலையும் சாக்கடையும் இனிமேல்தான் வரவேண்டிய இடங்கள் அங்கே அதிகம். ஆயினும் இரு மடங்கு வேற்றுமை சற்று மிகைதான் என்பது எங்கள் கருத்து.

இதைவிட வருத்தமான செய்தி ஒன்றுண்டு. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. வட்ட வரையறை முடியவில்லை என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலரே நகரை நடத்தினார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் முறையிட நம் தெருவுக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அதுவரை சென்னையில் காத்துக் கிடந்தது.

2021-ல் எடுக்க வேண்டிய குடிமதிப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால், 2022 தேர்தலுக்கும் 2011-ன் தலைக்கணக்கே அடிப்படை. கணக்கெடுக்க வீடு வீடாக வருவோரில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களே. “வீட்டில் எத்தனை பேர்?” என்று அவர்கள் கேட்கும்போது, நம் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவளும் இந்த வட்டத்தில் ஒரு தலை.