ரிமோட்தான் மவுஸா? கை பத்திரம்!

மேஜைமேல் வைத்து நகர்த்தும் மவுஸுக்குப் பதிலாக, டி.வி. ரிமோட் போலக் கையில் பிடித்தபடியே கம்ப்யூட்டரை இயக்கும் 'ஏர் மவுஸ்' பல வீடுகளுக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பெரிய டி.வி.யோடு இணைத்துவிட்டால், சோபாவில் சாய்ந்தபடியே பேரன், பேத்தி போட்டோக்களைப் பார்க்கலாம். வசதிதான். ஆனால், பழகும்போதே 'தோளெல்லாம் கழன்று போற மாதிரி இருக்கு டாக்டர்' என்பவர்களும் உண்டு. குற்றம் கருவியில் இல்லை. நாம் அதைப் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது.

ரிமோட்டுக்குள் கைரோஸ்கோப் என்ற சிறிய உணர்கருவி இருக்கிறது. கை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அது பார்ப்பதில்லை. ரிமோட் எவ்வளவு திரும்பியது என்பதைத்தான் கணக்கிடுகிறது. ஆகவே, கையை வீசி ஆட்டவே வேண்டாம். ரிமோட்டின் முனையை லேசாக இடம் வலமாகவோ, மேலும் கீழுமாகவோ திருப்பினால் போதும்.

வீசினால் என்ன ஆகும்? 2006-ல் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' விளையாட்டுக் கருவி வந்தது. அதன் ரிமோட்டை மட்டை போல வீசி டென்னிஸ் ஆடலாம். மறு வருடமே, மணிக்கணக்கில் அப்படி ஆடியதால் தோள்பட்டைத் தசைநாண் வீங்கிய 29 வயது இளைஞரைப் பற்றி, ஸ்பெயின் நாட்டு டாக்டர் ஜூலியோ போனிஸ் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். இளம் வயதுக்கே அப்படி என்றால், அறுபதைத் தாண்டிய தோள் என்ன பாடுபடும்!

கை கால்களை நீட்டி மடக்கச் செய்வது 'வியானன்' என்னும் வாயு என்கிறது சித்த மருத்துவம். கையை அந்தரத்தில் தூக்கி, இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் வாதம் மிகுந்து குத்தலும் குடைச்சலும் வரும்.

எப்படிப் பழகலாம்?

* முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். கோழி முட்டையைப் பிடிப்பது போல ரிமோட்டை மெதுவாகப் பிடியுங்கள்.

* கம்ப்யூட்டரின் மவுஸ் செட்டிங்கில் அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து, அளவைப் பெரிதாக்குங்கள்.

* முதல் 2 நாள்: அம்புக்குறியைத் திரையின் நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் வாருங்கள். பட்டனைத் தொடவே வேண்டாம்.

* 3, 4-ம் நாள்: அம்புக்குறி நின்ற பிறகு, கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். அவசரமாக அழுத்தினால் கை ஆடி, குறி தவறிவிடும்.

* 5-ம் நாள் முதல்: பட்டனை அழுத்தியபடியே இழுக்கப் பழகுங்கள். கம்ப்யூட்டரில் ஆடும் சீட்டாட்டம் இதற்கு நல்ல பயிற்சி.

ஒரு வேளைக்கு 10 நிமிஷம் போதும். பிறகு கையைத் தொங்கவிட்டு, விரல்களைப் பத்து முறை விரித்து மடக்குங்கள். நீளமாக டைப் அடிக்க வேண்டுமானால் கீபோர்டுதான் சரி.

சாதாரண அலுப்புக்கு, உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாக முழங்கையிலிருந்து விரல் வரை தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கமோ சிவப்போ இருந்தால் தேய்க்காதீர்கள். கட்டைவிரலின் அடிப்பகுதியில், மணிக்கட்டு ஓரமாக வலித்தால் ரிமோட்டுக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். டாக்டரிடம் காட்டுங்கள்.

மிக முக்கியமான ஒன்று. நன்றாகப் பிடித்திருந்த ரிமோட் திடீரென்று கை நழுவி விழுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால், அது பழக்கமில்லாத கையின் களைப்பு அல்ல, பக்கவாதத்தின் அறிகுறி. தைலத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூளை ரத்தக்குழாயில் உள்ள கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, அவ்வளவுக்குக் கை மிஞ்சும்.