சென்னையில் பழைய பைக் வாங்கி நாச்சியாபுரம் ஓட்டி வர…

சுமார் 400 கிலோமீட்டர் தாண்டி வரும் வண்டியில் இன்ஜினைப் பார்க்கும் முன் ஆவணங்களைப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தடியில் அழுக்கைத் துடைத்து, சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண் பொருந்தாவிட்டால் பெயர் மாற்றம் நடக்காது. கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை அங்கேயே வாங்குங்கள். அதற்காக இன்னொரு தடவை சென்னை போவது வீண் அலைச்சல். இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் புதுப்பிக்காமல் கிளம்பாதீர்கள். விபத்தானால் இழப்பீடு உங்கள் தலையில். இன்ஜின்தானே முக்கியம் என்பார்கள். இன்ஜினைப் பக்கத்துக் காரைக்குடி மெக்கானிக் சரிசெய்துவிடுவார், பழைய கடனை அவரா அடைப்பார்?

டயரின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட்டே ஏறுங்கள். செங்கல்பட்டில் நிறுத்திச் செயினையும் ஆயில் கசிவையும் பாருங்கள். குறையிருந்தால் அங்கிருந்து திரும்பிப் போய் விற்றவரிடம் கேட்கலாம். இரவு திருச்சியில் தங்குங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.