மண்டகப்பட்டுப் பாறையும் நம்ம போர்வெல்லும்

"டெல்டா மாதிரி இங்கேயும் கேஸ் எடுக்க வருவாங்களா?" என்று மண்டகப்பட்டில் ஒரு பெரியவர் கேட்டார். மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலைக் காட்டினேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் ஆக்கியது என்று அங்கே கல்வெட்டே இருக்கு. அதே கெட்டிப் பாறைதான் நம்ம கொல்லைக்கு அடியிலும்.

காவிரிப் படுகை வேற. அங்கே கடலும் ஆறும் படியவிட்ட மணலும் களியும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு அடுக்கடுக்காய்க் கிடக்கு. புதைந்த உயிர்ப்பொருள் பூமிச் சூட்டில் வெந்து வாயுவாகிறது. லேசானது என்பதால் மணற்பாறைத் துளைகள் வழியே மேலேறும். களிப்பாறை மூடிபோல மறித்தால் அதனடியில் தேங்கும். வாயுவுக்குக் கீழே தண்ணீர் நிற்கும்.

நம்ம பாறையில் துளையும் இல்லை, புதைந்த உயிர்ப்பொருளும் இல்லை. அதனால் கேஸ் பயம் வேண்டாம் ஐயா, தண்ணிக் கவலைதான். மேலே உளுத்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். ஆழம் போகப்போக வெடிப்பும் குறையும். (கிழக்கே வானூர் பக்கம் மணற்பாறை, அங்கே கதை வேறு.)

கடன் வாங்கி நான் போட்ட 600 அடி போரில் புழுதிதான் பறந்தது. பக்கத்துக் கொல்லையின் 40 அடிக் கிணறு, ஏரி நிரம்பின வருஷமெல்லாம் ஊறுது. இப்போ ஏரி வரத்துவாய்க்காலைத் தூர்வார ஆள் சேர்த்துக்கிட்டிருக்கேன்.