சூடு தாங்கும் வெடி, அடி தாங்குமா?

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கம் கிணறு ஆழப்படுத்தும் இடமெல்லாம் இதே பேச்சு: "இப்ப வர்ற மருந்து சூடு தாங்கும். அடுப்புல போட்டாலும் ஒண்ணும் ஆகாது. மிச்சத்தை வீட்டுலயே வச்சுக்கலாம்."

அண்ணே, இதை நம்பிப் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

வெப்பம் தாங்கும் வெடிமருந்து இருப்பது உண்மை. பேர்பெற்றது ஹெக்சாநைட்ரோஸ்டில்பீன், சுருக்கமாக எச்.என்.எஸ். டி.என்.டி. வெடிமருந்து சுமார் 80 டிகிரியில் உருகும். எச்.என்.எஸ். 300 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். அதனால்தான் சூடு மிகுந்த ஆழ எண்ணெய்க் கிணறுகளில் இரும்புக் குழாயைத் துளைத்து எண்ணெய்க்கு வழிவிட இதை இறக்குகிறார்கள். 1972-இல் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவில் அதிர்வு ஆய்வுக்காக வைத்த எட்டு வெடிகளிலும் இதுதான். நிலவின் பகல் 100 டிகிரியைத் தாண்டும்.

சரி, சூட்டுக்கு அசையாதது அடிக்கும் அசையாது என்று யார் சொன்னது? கண்ணாடி டம்ளர் கொதிக்கும் டீயைத் தாங்கும். தரையில் விழுந்தால் தாங்குமா? கடுமையான அதிர்வலை பட்டால் எச்.என்.எஸ். வெடிக்கும். அதை நம்பித்தான் வெடிதூண்டிகளில் வைக்கிறார்கள். சூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு; தாண்டினால் சிதைந்து வெடிக்கும்.

அதுவும் உங்கள் கிணற்றுக்கு வருவதே இல்லை. அதன் விலைக்குக் கட்டுப்படியாகாது. இங்கே வருவது அம்மோனியம் நைட்ரேட் சேர்ந்த தோட்டா, கூடவே அதைத் தூண்டும் கேப். இந்தக் கேப்தான் எமன். சூடு, உரசல், அடி எதையும் தாங்காது. அதை அலமாரியில் வைப்பீர்களா?

ஊரில் உலவும் மற்ற பேச்சுகள்:

"சூடு தாங்குவது அதிக சக்தி வாய்ந்தது." இல்லை. ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்து சூடு தாங்குவதில் எச்.என்.எஸ்.-க்குக் கீழே, வலுவில் மேலே.

"டைனமைட்தான் வைக்கிறார்கள்." டைனமைட் போன்ற நைட்ரோகிளிசரின் வெடிகளுக்கு 2004-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.

"சொந்த நிலம், யார் கேட்பது?" 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் கேட்கும். உரிமம் பெற்றவரே வெடி வைக்க வேண்டும். மிச்சத்தை அவரே எடுத்துப் போக வேண்டும். ஒரு கேப்கூட வயலில் தங்கக் கூடாது. கிடந்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பாறையை எவ்வளவு உடைத்தாலும் மேலே ஏரி நிரம்பாவிட்டால் ஊற்று எங்கிருந்து வரும்? வெடிக்குக் கொடுக்கும் காசில் ஊர் கூடி வரத்துக் கால்வாயைத் தூர் வாருங்கள். அடுத்த மழைக்கு முன்பே தொடங்குங்கள்.