போர்க்களம் தந்த பாடமும் விடுதி அறையின் கணப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வெப்பம் உயர்ந்த வெப்பநிலையில் உள்ள பொருளிலிருந்து தாழ்ந்த வெப்பநிலையில் உள்ள பொருளுக்குப் பாயும். இந்த ஒரு வரியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் இந்த வரியை மறந்த பேரரசர்கள் தங்கள் படைகளை இழந்திருக்கிறார்கள். இந்த வரியை அறியாத என் தந்தை ஒருநாள் மூன்று உயிர்களை இழக்கும் நிலைக்கு வந்தார். பேரரசருக்கும் விடுதிக் காவலாளிக்கும் இயற்கை ஒரே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறது. போர்கள் மனித குலத்துக்குப் பெருந்துன்பம் தந்தவை. அத்துன்பத்தின் நடுவே கிடைத்த சில பாடங்கள் ஓர் அறையைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1812: ஒரு வரைபடம் சொல்லும் கதை

1812ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெப்போலியன் நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தான். சார்ல்ஸ் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் அப்படையெடுப்பை ஒரே வரைபடமாக வரைந்தார். ஆற்றைக் கடந்தபோது 4,22,000 பேர். மாஸ்கோவை அடைந்தபோது 1,00,000 பேர். திரும்பி வந்தபோது 10,000 பேர். படையின் அளவைக் கோட்டின் அகலமாகக் காட்டிய அவர், அதன் அடியில் பின்வாங்கிய நாட்களின் வெப்பநிலையையும் குறித்தார். அதில் மிகக் குறைந்த அளவு ரோமர் அளவையில் மைனஸ் 30. நம் செல்சியஸ் கணக்கில் அது மைனஸ் 37.5 ஆகும்.

'குளிர்தான் நெப்போலியனைத் தோற்கடித்தது' என்று பலரும் சொல்வதுண்டு. வரைபடத்தை ஊன்றிப் பார்த்தால் வேறோர் உண்மை தெரிகிறது. வழியில் வேறு திசைகளுக்குப் பிரிந்து சென்ற படைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பெரும் இழப்பு மாஸ்கோவை அடையும் முன்பே, அதாவது கோடையிலேயே நேர்ந்துவிட்டது. கொளுத்தும் வெயில், கெட்ட நீர், பசி, டைபஸ் காய்ச்சல் ஆகியவை முதலில் கொன்றன. எஞ்சியவர்களைத்தான் குளிர் கொன்றது. ஆகவே வெப்பத்துக்கும் குளிருக்கும் ஒருசேர ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது முதற்பாடம்.

பின்லாந்தும் லடாக்கும்

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் சின்னஞ்சிறு பின்லாந்தின்மீது பாய்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கியது. பின்லாந்து வீரர்கள் பல அடுக்குகளாக உடை உடுத்தினர். அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்று, வெப்பத்தைக் கடத்தாத போர்வையாயிற்று. அவர்களுடைய கூடாரத்தின் நடுவில் ஓர் அடுப்பு இருந்தது. அந்த அடுப்பின் புகைக்குழாய் கூடாரத்துக்கு வெளியே நீண்டிருந்தது. இந்தப் புகைக்குழாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் நாடும் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1962இல் சீனத்துடன் நடந்த போரில் நம் வீரர்கள் பலர் பருத்திச் சீருடையும் கித்தான் காலணியும் அணிந்து இமயத்தின் பனியில் நின்றனர். 16,000 அடிக்கும் மேலான ரெசாங் லா கணவாயில் நவம்பர் 18 அன்று மேஜர் சைத்தான் சிங் தலைமையில் குமாவோன் படைப்பிரிவினர் இறுதிவரை போரிட்டு மடிந்ததை நாடு மறக்காது. 1984 முதல் நம் படை காத்துவரும் சியாச்சின் பனியாற்றிலும் பகைவரின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே மிகுதி.

இன்று நிலைமை மாறி வருகிறது. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக், பகலில் சூரிய வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும் இராணுவக் கூடாரம் ஒன்றை 2021இல் உருவாக்கிக் காட்டினார். எரிபொருள் இன்றியே அதன் உட்புறம் கதகதப்பாக இருந்தது.

சுரங்கத்தில் பாடிய பறவை

முதல் உலகப் போரில் பகைவரின் பதுங்குகுழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பது ஒரு போர்முறையாக இருந்தது. பூமிக்கடியில் வெடி வெடித்தபின் அங்கே தங்கும் கார்பன் மோனாக்சைடு வாயு, தோண்டச் சென்றவர்களை ஓசையின்றிக் கொன்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே அவர்கள் கேனரி என்னும் சிறு பறவையையும் வெள்ளெலியையும் கூண்டில் எடுத்துச் சென்றனர். சிற்றுயிர்களை அவ்வாயு முதலில் தாக்கும். பறவை தள்ளாடினால் மனிதர்கள் வெளியேறிவிடுவர். இம்முறையை நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஆராய்ந்து சொன்னவர் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். அவர் 1895இல் தாமே அவ்வாயுவைச் சுவாசித்துத் தம் உடலில் நேர்ந்ததைக் குறித்து வைத்தவர்.

நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலாகக் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே நினைவிழந்துவிடுவார்.

எண்ணெய்ப் போரின் பாடம்

1973 அக்டோபரில் மத்தியக் கிழக்கில் மூண்ட போரின்போது அரபு நாடுகள் சில நாடுகளுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை, சில மாதங்களில் சுமார் 12 டாலராயிற்று. வீடுகளை எண்ணெய் எரித்துச் சூடாக்கிவந்த நாடுகள் திகைத்தன. டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தனர். அதன்பின்தான் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்புப் போடுவது அங்கெல்லாம் வேகம் பெற்றது. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மிகக் குறைந்த வெப்பமே தேவைப்படும் வீடுகளைக் கட்டிக் காட்டினர். இருந்தும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. எரிவாயு வரத்துக் குறைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் அரசு அலுவலகங்களை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது.

இதற்கு மாறான ஒரு காட்சி சுவிட்சர்லாந்தில் உண்டு. அந்நாட்டில் நிலக்கரி மிகக் குறைவு. சூரிச் நகர மன்றத்தை 1938இலேயே லிம்மட் ஆற்று நீரின் வெப்பத்தை எடுத்துச் சூடாக்கினார்கள். குளிர்ந்த ஆற்றில் வெப்பம் ஏது என்று தோன்றலாம். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் தள்ளுகிறதல்லவா? அதே வேலைதான். இதற்கு வெப்ப ஏற்றி என்று பெயர். கெல்வின் பிரபு 1852இலேயே இக்கருத்தை வெளியிட்டார். கட்டடங்களைச் சூடாக்குவதும் குளிர்விப்பதுமே அவர் கட்டுரையின் பொருள். ஓர் அலகு மின்சாரம் செலவழித்தால் ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் அறைக்குள் வந்து சேரும். திசையை மாற்றினால் அதே இயந்திரம் கோடையில் அறையைக் குளிர்விக்கும்.

எங்கள் ஊர் விருந்தினர் விடுதி

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். நீலகிரியில் ஒரு விருந்தினர் விடுதியில் என் தந்தை காவலாளி. இரவுக் காவல், தோட்ட வேலை, அறைகளுக்கு வெந்நீர் எடுத்துச் செல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பழைய கட்டடத்தில் ஒவ்வோர் அறையிலும் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. புதுப்பித்தபோது அழகு கருதி இரண்டு அறைகளில் அவற்றை அடைத்துவிட்டார்கள். மாடியில் இரும்புத் தகடு வேய்ந்த புதிய அறைகளும் எழும்பின.

நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஜனவரி மாதம், புல்லின்மேல் உறைபனி படிந்த ஓர் இரவு. அடைபட்ட அறை ஒன்றில் கணவன், மனைவி, ஒரு குழந்தை தங்கியிருந்தனர். குளிர் தாங்காமல் அவர்கள் கேட்டதால் அப்பா ஒரு இரும்புச் சட்டியில் கரி மூட்டிக் கொடுத்தார். அவர்கள் சன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு உறங்கினார்கள். விடியற்காலையில் வெந்நீர் கொண்டு போய்க் கதவைத் தட்டினால் பதில் இல்லை. அப்பா சன்னல் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்தார். மூவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஆனால் பழி அப்பாமேல் விழுந்தது. அரை மாதச் சம்பளமும் போயிற்று.

அன்றிரவு அவர் என்னிடம், "புகையே இல்லையே தம்பி. நல்லாக் கனிஞ்ச கரியாப் பாத்துத்தானே வெச்சேன்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

கல்லூரிக்கு வந்த பின்புதான் தெரிந்தது. கனிந்த கரியின் அடிப்பகுதியில் கரியமில வாயு உண்டாகிறது. அது மேலே உள்ள கனலும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. புகை இல்லை என்பதே ஏமாற்று. பூமிக்கடியில் வீரர்களைக் கொன்ற அதே வாயு எங்கள் ஊர் அறைக்குள் வந்திருந்தது. பின்லாந்துக் கூடாரத்துக்கு இருந்த புகைக்குழாய் அந்த அறைக்கு இல்லை.

அளந்து பார்த்தது

சென்ற ஆண்டு எங்கள் ஆசிரியரிடம் வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிச் சென்றேன். ஜனவரி காலை ஆறு மணிக்கு வெளியே 3 டிகிரி. ஒன்றரை அடிச் சுவர் கொண்ட பழைய அறையில் 13. மாடித் தகட்டு அறையில் 7. ஏப்ரல் பிற்பகலில் வெளியே 24. பழைய அறையில் 20. தகட்டு அறையில் 31. கோடையில் மிகச் சூடாகும் அறையே குளிர்காலத்தில் மிகக் குளிரவும் செய்கிறது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி இரவில் மெல்லத் தருகிறது. மெல்லிய தகடோ எதையும் தடுப்பதில்லை; எதையும் சேமிப்பதுமில்லை.

அசையாத காற்று செங்கல்லைவிட ஏறத்தாழ 25 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தகட்டுக்கு அடியில் சற்று இடைவெளி விட்டு உட்கூரை அமைத்தால் இரு பருவத்துக்கும் நன்று. தகட்டின் மேற்புறம் வெள்ளையடித்தால் வெயில் எதிரொளிக்கும். கோடையில் பகலில் சன்னலைச் சாத்தி, இரவில் திறந்துவைத்தால் சுவர் குளிரும். குளிர்காலத்தில் மாலைக்குள் திரைகளை இழுத்துவிட வேண்டும். அடைத்த புகைபோக்கிகளைத் திறந்து துப்புரவு செய்ய வேண்டும். வசதி வந்தபின் வெப்ப ஏற்றி பொருத்தலாம். ஆனால் ஒழுகும் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது என்பதை மறக்கலாகாது.

முடிவுரை

வெப்பத்தைக் காப்பது முதல் வேலை. உண்டாக்குவது அடுத்த வேலை. எரிபொருளைப் பிறர் கையில் விட்டவன் போர் வந்தால் நடுங்குவான். எரியும் எதற்கும் புகைவழி வேண்டும். இவை மூன்றும் போர்கள் கற்பித்த பாடங்கள். நெப்போலியனிடம் தளபதிகள் இருந்தனர். 1962இல் நம்மிடம் வீரம் இருந்தது. என் தந்தையிடம் நல்லெண்ணம் இருந்தது. இயற்கையின் சட்டத்தை அறியாதபோது இவை எதுவும் போதவில்லை.

இவ்வளவையும் நான் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதைப் படிச்ச ஒருத்தர் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு முதலாளியிடம் தாமே பேசி, அடைத்த புகைபோக்கிகளில் ஒன்றைத் திறக்க வைத்தார். மற்றொன்று இன்னும் அடைந்தே கிடக்கிறது. அந்த அறைக்கு அவர் கரிச்சட்டி கொடுப்பதில்லை. கேட்பவர்களுக்குக் கூடுதலாக இரண்டு கம்பளி கொடுத்து, காரணத்தையும் சொல்கிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வகுப்பறையில் கேட்டதை வீட்டுத் திண்ணையில் சொல்வதும் நம் படிப்பின் ஒரு பகுதிதான். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மூடிய அறையில் கரி மூட்டக்கூடாது என்ற இந்த ஒரு செய்தியையாவது நான்கு பேரிடம் சொல்லுங்கள்.