பல் மருத்துவத்தில் சிறு மருத்துவமனைகளும் பெருநிறுவனப் போட்டியும்

1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இத்தொழிலை நெறிப்படுத்தியது. அதன்பின் நம் நாட்டில் பல் மருத்துவம் பெரும்பாலும் தனி மருத்துவர்களின் சிறு மருத்துவமனைகள் வாயிலாகவே வளர்ந்தது. அண்மைக் காலத்தில் பல நகரங்களில் கிளைகள் கொண்ட பெருநிறுவனங்களும் இத்துறையில் நுழைந்துள்ளன. இப்போட்டியில் சிறியோர் நிலைத்து நிற்க இயலுமா?

பெருநிறுவனத்தின் முதன்மையான வலிமை அதன் அளவில் உள்ளது. மொத்தக் கொள்முதலால் பொருள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் முழுமையாகப் பயன்படுகின்றன. முப்பரிமாண ஊடுகதிர்க் கருவி ஒன்றின் நிலையான ஆண்டுச் செலவு 6 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். தனி மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு 300 படங்கள் எடுப்பின், படமொன்றுக்கு 2,000 ரூபாய் ஆகும். அத்தகைய ஐவர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டால் அது 400 ரூபாயாகக் குறையும். கருவிக்கடனை அடைப்பதற்காகத் தேவையற்ற படங்கள் எடுக்கும் தூண்டுதலும் தணியும்.

ஆகவே, சிக்கனத்திற்குத் தேவை கூட்டுப் பயன்பாடே; ஒரே உடைமை அன்று. கூட்டுறவுச் சங்கமாகவோ, 2008 ஆம் ஆண்டின் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழோ மருத்துவர்கள் இதற்கென ஒன்றிணையலாம்.

சிகிச்சைக்கு முன்பே எழுத்து வடிவில் கட்டண மதிப்பீடு, ஆண்டுதோறும் அதே மருத்துவரின் கவனிப்பு ஆகியவை சிறியோர் எளிதில் அளிக்கக்கூடியவை. ஓர் ஊரில் அவர்கள் மறைந்துவிட்டால், நோயாளி மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் வாய்ப்பும் குறைந்துவிடும். அவர்கள் நிலைத்திருப்பது பொதுநலன் சார்ந்ததாகும்.