கொழுந்து வாட்டிய வீட்டுப் பிள்ளைக்கு ஏர்கோன்

அன்புத் தம்பிக்கு,

கிள்ளான் புதுவீட்டுப் படுக்கையறைக்கு 2 எச்.பி. ஏர்கோன் மாட்டப்போவதாகவும், "பெருசா இருந்தா சீக்கிரம் குளிரும்" என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கா? வாத்தியாரின் காலைத் தேநீர் அப்படியே ஆறிப்போனது.

கேமரன் மலை லயத்தில் வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்கலாமா?

நம் மலையின் தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 28 என்றால் மேலே 18, 19. ஆகவே மலையில் எல்லாம் சுகம் என்பது சுற்றுலா வந்தவர்களின் கணக்கு. துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாததும், பெட்டிச் சேலையில் பூஞ்சணம் பூத்ததும் லயத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். குளிருக்குக் குறைவில்லை, ஈரம்தான் போகவில்லை.

அதே மலையில்தான் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை ஆலைக்காரர்களின் முதல் கவலையே ஈரம்தான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். நீளத் தொட்டியின் வலைமேல் அதைப் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்று ஊதுகிறார்கள். வெயில் நாளில் இலை ஒழுங்காகத் துவளும். மூடுபனி நாளில் என்ன ஊதினாலும் விறைப்பு இறங்காது, ஊதும் காற்றே நனைந்து கிடப்பதால். அப்போது காற்றைச் சற்றுச் சூடாக்கி ஊதுவார்கள். சூடேறிய காற்று இன்னும் ஈரம் தாங்கும். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி 1902இல், நியூயார்க் புரூக்ளினில். அங்கே ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏர்கோனின் மூதாதை. மூடுபனி சூழ்ந்த பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நின்றபோது ஈரத்தைக் கட்டுப்படுத்த அவருக்கு அடுத்த யோசனை பிறந்ததாம். நம் மலையின் பிரிஞ்சாங்கில் நின்றிருந்தால் இன்னும் சீக்கிரம் பிறந்திருக்கும்!

ஏர்கோனின் குளிர்ந்த சுருளில் காற்று பட்டு, ஈரம் துளியாகி வழிய நேரம் வேண்டும். அளவுக்கு மீறிய இயந்திரம் அறையைச் சட்டெனக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் உள்ளேயே தங்கும். காசு கொடுத்துக் கிள்ளானுக்கு லயத்துச் சில்லிப்பை வரவழைப்பானேன்? இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் கீழெல்லை உண்டு. அந்த அறைக்குப் பெரும்பாலும் 1 எச்.பி., அதாவது மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யு., போதும். மேல்மாடியோ, மாலை வெயில் குடிக்கும் மேற்குச் சுவரோ இருந்தால் ஒன்றரை.

ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற கதையையும் விட்டுவிடு. சாதாரண கம்ப்ரசருக்கு 24 ஆனாலும் 16 ஆனாலும் ஓடும் வேகம் ஒன்றே. 16க்கு அதிக நேரம் ஓடும், பில் ஏறும்.

ஜன்னல் எந்தத் திசை, கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு உண்டா, தண்ணீர்க் குழாய் சரிவாக இறங்க வழி இருக்கிறதா என்று பார்த்து எழுது. அதுவரை முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
வாத்தியார்